தகரம் அடித்த சுவர்

கரும்பு விளையும் எங்கள் தீவில், நமாகா ஊரில் நான் கேஸ் ஃபிட்டராக இருந்தேன். விமான நிலையத்தை ஒட்டிய சிறு ஹோட்டல்களுக்கும் வீடுகளுக்கும் குளியலறை ஹீட்டர் மாட்டிக் கொடுப்பது வேலை. என் அக்கா வீட்டிலும் நான்தான் மாட்டினேன். சிலிண்டர் வெளியே. எரிந்த புகை போக ஒரு குழாய், பின்சுவரைத் துளைத்து ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புதுக் காற்று வருவதற்குக் கண்ணாடிப் பட்டை ஜன்னல். இந்த இரண்டு வழியும் அடைபட்டால் நெருப்பு மூச்சுத் திணறி மஞ்சளாக எரியும். அப்படி எரியும் நெருப்பு விடுகிற நஞ்சுக்கு மணம் கிடையாது, நிறமும் கிடையாது. வீடுவீடாகப் போய் நான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாட்களில் எங்கள் சாலையில் இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்களின் இரண்டு வீடுகள்மேல் கல் விழுந்தது. அக்காவின் புருஷன் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் எழுத்தராக இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூரைத் தகரங்கள் வாங்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்தோம். பின்சுவருக்கு வந்தபோது புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருந்ததால் தகரம் சுவரோடு படியவில்லை.

"இத இன்னா பண்றது மச்சான்?" என்றார்.

"கழட்டி உள்ள தள்ளிடலாம் மாமா. ரெண்டு நாளு கழிச்சு சரியா வச்சுத் தரேன்."

குழாயின் வாயை நானே கழற்றினேன். தகரத்தை நானே ஆணி அடித்தேன். அக்காவிடம் போய் ஹீட்டரைத் தொடாதே என்று சொல்ல வேண்டும் என்ற நினைப்பு இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சாலையில் லாரிச் சத்தம் கேட்டது. சுத்தியலைப் போட்டுவிட்டு எல்லோரும் உள்ளே ஓடினோம். வந்தது ராணுவ லாரி இல்லை, கரும்பு லாரி. அது போன பிறகு அக்கா டீ கொடுத்தாள், குடித்தேன், வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான்கு நாள் கழித்து அவளைக் கடையில் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

"காலைல குளிச்சு வந்தா தல வெடிக்கிற மாதிரி வலிக்குதுடா. வெளிய வந்தா செத்த நேரத்துல போயிடுது."

"தூக்கம் இல்ல, அதான்" என்றேன். அப்போது யாருக்குத்தான் தூக்கம் இருந்தது? அந்தத் தலைவலி என்ன என்பது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை கூதலாக இருந்தது. மாமாவுக்கு ஒரு ஸ்பேனர் கொடுக்கப் போனேன். வாசலில் நிற்கும்போதே குளியலறையில் ஹீட்டர் எரியும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும்தான் எல்லாம் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா!" என்று கத்தினேன். பதில் இல்லை. ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். நானும் மாமாவும் கதவை இடித்தோம். தாழ் அசையவில்லை. எங்கள் கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டு காய்வீத்திக்காரர் வேலி தாண்டி வந்தார். அந்த மண்ணின் பூர்வகுடிகளை நாங்கள் காய்வீத்தி என்போம். அவர் பஸ் ஓட்டுபவர், ஆறடி உயரம். கல் எறிந்தது அவர் ஆட்கள்தான் என்று, தகரம் அடித்த நாளிலிருந்து மாமா அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அவர் எதுவும் கேட்காமல் தோளால் ஒரே இடி இடித்தார். கதவு பெயர்ந்தது.

அக்கா தரையில் கிடந்தாள். உதடும் கன்னமும் காய்ச்சல்காரிக்கு இருப்பதுபோலச் சிவந்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு துண்டைப் போர்த்தி அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். பிறகு தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ராணுவச் சோதனைச் சாவடியில் அவரே இறங்கிப் பேசியதால் எங்களை நிறுத்தி வைக்கவில்லை.

அன்று முழுவதும் அக்காவுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். மறுநாள் கண் திறந்தாள். வலது கையில் மட்டும் நடுக்கம் தங்கிவிட்டது. வீட்டிலிருந்து துணி தைத்துக் கொடுப்பவள் அவள். அதற்குப் பிறகு ஊசியில் நூல் கோக்க அவளால் முடியவில்லை.

வீடு திரும்பியதும் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். குழாயை உள்ளே தள்ளியதும் நான், சொல்ல மறந்ததும் நான் என்றேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா சோற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"எல்லாந்தான் பயந்து கெடந்தோம். கம்முனு சாப்புடு."

என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த வாரம் நான் ஹீட்டர் மாட்டிய வீடுகளுக்கெல்லாம் சைக்கிளில் போனேன். பாதிக்கு மேல் அடைத்துத்தான் வைத்திருந்தார்கள். சிலர் உடனே பலகையைப் பிரித்தார்கள். ஒரு கரும்பு விவசாயி மறுத்துவிட்டார். லோவு கிராமத்தில் குத்தகை நிலத்தைப் பயந்து விட்டுவிட்டு வந்தவர் அவர்.

"தகரத்த எடுத்தப்பறம் கல்லு வந்தா நீ பதில் சொல்லுவியா?"

என்னால் சொல்ல முடியாது என்றேன். அவர் பயம் பொய்யில்லை. அதனால் தகரத்தை விட்டுவிட்டு ஹீட்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் மனைவி விறகடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டாள். வேறு நான்கு வீடுகளிலும் அதையே செய்தேன். என் முதலாளி என்னைப் பைத்தியம் என்றார்.

அந்த வருஷம் சாலையில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. அக்காவுக்கும் மாமாவுக்கும் கனடாவுக்கு விசா வந்தது. மாமா அதுவரை என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"அங்க பனியாமே. வூடு பூரா கேஸ் எரிச்சுதான் சூடு பண்ணுவாங்களாம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாதவன் கையில அத வுட முடியாது மச்சான். நீயும் வந்துரு."

இரண்டு வருஷம் கழித்துப் போனேன். அந்த நாட்டுப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியதும் அவர்கள் வீட்டு நிலவறையில்தான் வீட்டைச் சூடாக்கும் என் முதல் ஃபர்னஸைப் பொருத்தினேன். மாமா பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். பற்றவைத்ததும் சுடர் நீலமாக, ஆடாமல் நின்றது. இருவரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.