மெழுகில் வைத்த மெட்டு

என் அப்பாவுக்குக் கை எவ்வளவு நேர்த்தியோ வாய் அவ்வளவு கோணல். அரியலூர்ப் பக்கம் வீணைக்கு மெட்டு வைக்க வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். தேன்மெழுகில் கரித்தூளைக் குழைத்து, வீணையின் கழுத்தான தண்டியின் மேல் இரண்டு வரப்பாகக் கட்டி, அதன்மேல் தந்தியை அழுத்தும் பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாக உட்கார வைப்பார். சுருதி பிசகினால் மெழுகை லேசாக இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். உலகத்தில் தந்தி போட்ட எல்லா வாத்தியத்துக்கும் அதுதான் முறை என்பது அவர் கட்சி.

என் கணவர் பெரம்பலூர்க்காரர். சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பும்போது ஒரு கிட்டார் கொண்டுவந்தார். பர்மா மழையில் ஊறி அதன் கழுத்து வளைந்துபோயிருந்தது. விரல் வைக்கும் பலகை பசைவிட்டு எழும்பி நின்றது. அப்போது பெரம்பலூரில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. கிட்டார் வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை கிடைத்தால் என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனியோடு கிளம்பிவிடுவதாகச் சொன்னார். மாமியார் வாயில் தினமும் அரைபட்டுக்கொண்டிருந்த எனக்கு வேறென்ன வேண்டும்?

கிட்டாரை அப்பாவிடம் கொண்டுபோனோம். கழுத்தை இழைத்து நேராக்கினார். தோதகத்தி மரத்தில் புதுப் பலகை சீவி, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பலகைய ரம்பத்தால கீறி, மெட்டுக் கம்பிய அந்தக் கீறல்ல இறுக்கி அடிக்கணும் மாமா," என்றார் என் கணவர்.

"மரத்தக் கீறிட்டா அப்புறம் சுருதிய எப்படி மாப்ள நகத்துவீங்க? துப்பாக்கி புடிச்ச கைக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

மாமனார் மரியாதையோடு கன்னத்தில் அறைந்தால் மாப்பிள்ளை என்ன பதில் சொல்வது? அப்பா மெழுகு கட்டி மெட்டு வைத்தார். வீட்டு நிழலில் வாசித்தபோது நன்றாகத்தான் கேட்டது. என் கணவர்கூட மயங்கிப்போனார்.

கம்பெனியில் வாசித்துக் காட்டப் போன அன்று சித்திரை மாத உச்சி வெயில். கொட்டகைக்குத் தகரக் கூரை. பஸ்ஸில் வந்ததிலேயே கிட்டார் பாதி வெந்திருந்தது. தட்டி மறைவில் நான் உட்கார்ந்தேன். முதல் பாட்டுக்குக் கம்பெனி முதலாளி தலையை ஆட்டினார். இரண்டாவது பாட்டில் மெட்டுகள் சாய ஆரம்பித்தன. அழுத்த அழுத்த மெழுகு பிதுங்கி வந்தது.

முதலாளி அவரை நிறுத்தி, கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். விரலெல்லாம் கறுப்பு.

"மெட்டு ஜனங்க மனசுல ஒட்டணும். உன் மெட்டு உன் கையிலயே ஒட்டிக்கிச்சேப்பா!"

கொட்டகையே சிரித்தது. என் கணவர் கிட்டாரை இறக்கப் போனார்.

"எறக்காத. கடைசி மெட்டு உழுற வரைக்கும் வாசி," என்றார் முதலாளி.

அப்படியாவது மனம் இரங்குவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, வாசித்தார். ஒவ்வொன்று விழும்போதும் ஒரு சிரிப்பு. பெண் வேஷம் கட்டுகிறவன் விழுந்த மெட்டைப் பொறுக்கி, மூக்கில் ஒட்டிக்கொண்டு, மூக்குத்தி என்று இடுப்பை ஆட்டினான். பாவிகள், சோற்றுக்கு வந்த மனுஷனை அப்படியா செய்வார்கள்?

வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் அரியலூருக்கே கூட்டிவந்து, கிட்டாரை அப்பாவின் காலடியில் வைத்தார்.

"ஒங்க கையால வளந்தது ரெண்டும் ஒங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. எனக்கு வேண்டாம்."

அவர் தெருமுனை திரும்பும் வரை நான் வாசலிலேயே நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு வரவும் இல்லை.

உள்ளே அப்பா கிட்டாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, கழுத்தின் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூல் புடிச்ச மாதிரி நேராத்தான இருக்கு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இத வெயில்ல வெச்சது யாரு, நீயா?" என்று கேட்டார்.