மஞ்சள் ஒளிந்தது

விமான் நகர் வீட்டுப் பால்கனியில் நின்று, எதிரே பூத்திருந்த கொன்றையை வரைந்துகொண்டிருந்தேன். மரத்தின் வலப்பாதியைக் காணவில்லை. ஓரத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தபோதுதான் கோளாறு வலது கண்ணில் என்று தெரிந்தது.

விழித்திரை விலகல் (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் பிரிந்துவிடுவது) என்றார் மருத்துவர். மறுநாளே அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் வாயுக்குமிழி (பிரிந்த படலத்தை அழுத்திப் பிடிப்பதற்கு) வைத்தார்கள். அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, குப்புறவே படுத்திருக்க வேண்டும். பார்வை வரும், நிறம் எந்த அளவுக்கு வரும் என்று சொல்ல முடியாது என்றார் இந்தியில். ஓவியம் வரைகிறவளுக்கு வேறென்ன இருக்கிறது?

என்னைப்போல் குப்புறப் படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கழுத்துவலி பழகிவிடும். பொறாமை பழகாது. தலைக்கு மேல் விமானத்தில் போகிறவர்களைப் பார்க்காமலேயே பொறாமைப்பட்டேன். எல்லோரையும்விட, ஒரு நாவலில் வரும் ஓவியன்மேல்.

கல்லூரி நாளிலிருந்து நான் திரும்பத் திரும்பப் படிக்கும் நாவல் அது. அந்த ஓவியன் ஊரோடெல்லாம் சண்டை போடுவான். கண் மட்டும் கழுகுக் கண். காதலி பிரிந்த அன்று, இனி மஞ்சளையே தொடுவதில்லை என்று விட்டுவிடுவான். இருக்கிறவனுக்குத் திமிர்.

அதை வாசித்துக்காட்டச் சொன்னேன். என் கணவர் ரமணி மராத்தி பேசும் ஆகுர்டியில் பிறந்து வளர்ந்த தமிழர்; தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மராத்தி பழகிய நாக்கில் 'ழ' எப்போதும் 'ள'தான். முதலில் தலைவிதியே என்று படித்தார். பிறகு ஒரு மதியம் அடுக்களையில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, நானில்லாம படிக்கறீங்களா?"

"அரே, ரெண்டே பக்கம்தான். அவன் அந்தப் பொண்ணைக் கட்டிப்பானா மாட்டானான்னு தெரியாம கையே ஓடல."

எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பதைப்பு எனக்கு இனி வராது. என் புத்தகத்தை இரண்டு நல்ல கண்களோடு, முதல் முறையாக, இன்னொருவர் படிக்கிறார்.

மறுநாள் அந்த வரிக்கு வந்தார். "அன்றோடு அவனுக்கு மஞ்சள் ஒளிந்தது." நிறுத்தினார். "எங்க போய் ஒளிஞ்சுச்சு? திரும்ப வருமா?"

புத்தகத்தில் இருப்பது 'ஒழிந்தது'. திருத்த வாயெடுத்தேன். தலையணையில் முகம் புதைந்திருந்தது நல்லதாயிற்று.

"படிச்சுப் பாருங்க" என்றேன்.

குமிழி தண்ணீர் மட்டம்போல் ஆடி ஆடிச் சிறுத்து, ஒருநாள் இல்லாமல் போனது. ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிந்தன, இப்போதும் அப்படித்தான். கொன்றை வலது கண்ணுக்கு மோர்க்குழம்பு நிறம். தேறலாம், மாதங்கள் ஆகும் என்கிறார் மருத்துவர். இடது கண் ஒரே பார்வையில் முடிப்பதை வலது கண் ஒரு காலைப்பொழுது பார்க்கிறது. இரண்டுக்கும் இரண்டு கடிகாரம்.

நேற்று இடது கண்ணை மூடிக்கொண்டு நாவலைத் திறந்தேன். எழுத்துகள் நெளிந்தன. ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டி அந்த வரிக்கு வந்தேன். மஞ்சள், அப்புறம் ஓர் 'ஒ'. அடுத்தது ழியா, ளியா? எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ள அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன்.

சத்தம் கேட்டு ரமணி எட்டிப் பார்த்தார்.

"என்னை விட்டுட்டுப் படிக்கறியா?"