சளி எடுக்கணும்

எங்கள் சித்தப்பாவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவார். அதுவரை அவர் சொல்லிக்கொண்டிருந்த துக்கச் செய்தி பாதியில் நிற்கும். "இவரு ஒருநாள் என்னையும் துடைச்சு அலமாரியில வச்சிடுவாரு" என்பாள் சித்தி.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்தது, மீன் நோய் ஆய்வுக்கூடத்தில் தொட்டி பார்க்கும் வேலை. பதினொரு வருடம். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், தொட்டி முன்னால் நின்றால் குழந்தையைக் கொஞ்சுவது மாதிரி மூக்காலேயே பேசுவார். "என்னடா கண்ணு, மூஞ்சி வாடியிருக்கு? பக்கத்துல இருக்குறவன் இடிச்சானா?"

அந்த வருடம் இயக்குநர் ஒரு குண்டைப் போட்டார். எதைச் சொல்வதற்கு முன்னும் தொண்டையைச் செருமுவது அவர் வழக்கம். "க்ர்ர்ஹ்ம். இந்தத் தடுப்பு மருந்து சோதனை தேறலன்னா தொட்டி ரூமை மூடிடலாம். க்ர்ர்ஹ்ம். நீங்க வாசல் கேட்டுக்குப் போயிடுங்க."

கேட்டில் என்ன இருக்கிறது? ஒரு நாற்காலி, ஒரு விசில். கண்ணு என்று கூப்பிட ஒரு ஜீவன் கிடையாது. சித்தப்பாவுக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சோதனை அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவுடையது. முதல் தொட்டி மீன்களை மருந்து கலந்த தண்ணீரில் நீந்த விட்டார். இரண்டாம் தொட்டிக்கு வெறும் தண்ணீர். பிறகு வாரம் ஒருமுறை செவுளின் மேலே படிந்திருக்கும் வழுவழுப்பை ஒற்றியெடுத்து, அதில் நோயை எதிர்க்கும் சத்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் சித்தப்பாவிடம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா பேசினால் தையல் மெஷின் ஓடுவது மாதிரி இருக்கும். போனில் வந்தது இவ்வளவுதான்: "வெள்ளிக்கிழமைவெள்ளிக்கிழமை செவுள்லசளிஎடுக்கணும் மயக்கத்தொட்டிரெடியாஇருக்கட்டும் சரியாபோனைவச்சிடுறேன்."

சளி எடுக்கணும். ஆக, பிள்ளைகளுக்குச் சளி பிடித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை சித்தப்பா ஒவ்வொரு மீனையும் மயக்க மருந்துத் தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரத் தட்டில் படுக்க வைத்தார். செவுள் மூடியைத் தூக்கினார். நனைந்த பஞ்சால், கைக்குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல ஒற்றி ஒற்றி எடுத்தார். "சிந்துடா ராஜா, நல்லா சிந்து." பிறகு பளிச்சென்று இருந்த மீனை இடைச்சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பக்கத்து அறைக்கு நகர்த்தினார். அங்கே டாக்டரம்மா தன் குச்சியால் ஒற்றிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அழுத்தினார், ரத்தம்தான் வந்தது.

இப்படியே மூன்று வெள்ளிக்கிழமை. முடிவு வந்தபோது இரண்டு தொட்டியும் ஒன்றுபோலச் சைபர். தையல் மெஷின் நின்றுவிட்டது. டாக்டரம்மா மேஜையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பா ஆறுதல் சொல்லப் போனார். "விடுங்கம்மா. மருந்து வேலை செய்யலன்னா போவுது. ஒரு மீனுக்குக்கூட பாக்கி வைக்காம சளி எடுத்துட்டேன். கேட்டுல உக்காந்தாலும் அந்தத் திருப்தி போதும் எனக்கு."

"என்ன எடுத்தீங்க?"

"சளி. நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

மெஷின் மறுபடி ஓடியது. "ஐயோ! எடுக்கணும்னா எனக்கு வேணும்னு அர்த்தம்! அது நோய் இல்லய்யா, அதுதான் மீனோட பாதுகாப்பே! செவுள்ல இருக்குற எதிர்ப்பு செல்லுங்க ராத்திரி பகலா உழைச்சு எதிர்ப்புச் சத்தைத் தயார் பண்ணி அந்த வழுவழுப்புலதான் கலந்து விடுது! கிருமி வந்தா அதுல மாட்டிக்கும்! மொத்தத்தையும் வழிச்செடுத்துட்டு மொட்டைச் செவுளை எங்கிட்ட தள்ளியிருக்கீங்களே! எங்க போட்டீங்க அதை?"

சித்தப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எங்க போட்டேனா? நான் என்ன கண்ட இடத்துல போடுற ஆளா?"

நோய்க்கழிவை எரிக்கும் வண்டி வரும்வரை உறைபெட்டியில் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வண்டி இரண்டு மாதமாக வரவில்லை. மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் அமுக்குவார்கள். சித்தப்பா திறந்து காட்டியதோ நூற்றிருபது குட்டிப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சு. மேலே தொட்டி, மீன் நம்பர், தேதி.

"எதுக்குங்க தனித்தனியா?"

"ஒருத்தன் சளி இன்னொருத்தனுக்கு ஒட்டிக்காதா?"

டாக்டரம்மா ஒரு பஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். துளி ரத்தம் கலக்காத சுத்தமான சளி.

அடுத்த இரண்டு நாளும் அந்தப் பஞ்சுகளைப் பிழிந்து, குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். எதிர்ப்புச் சத்து இருந்தால் குழி மஞ்சளாகும். இரண்டாம் தொட்டி வரிசை அப்படியே வெளுத்துக் கிடந்தது. முதல் தொட்டி வரிசை மெல்ல நிறம் மாறியது.

"அடடா, கறை புடிக்குது" என்று சித்தப்பா துடைக்கப் புதுப் பஞ்சை எடுத்தார்.

"தொட்டீங்க, கொன்னுடுவேன்!" என்றார் டாக்டரம்மா, அழுதுகொண்டே.

இயக்குநர் தட்டைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். "க்ர்ர்ஹ்ம். தொட்டி ரூம் இருக்கட்டும். இனிமே ஒத்தி எடுக்குறது இவரே பண்ணட்டும்." சித்தப்பா நன்றியோடு அவர் தொண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

வேலை உத்தரவு திங்கட்கிழமை கைக்கு வந்தது. சித்தி சத்தமாக வாசித்தாள். "பணி: மீன் செவுளில் சளி எடுத்தல்." தாளை மடித்தாள். "ஏங்க, அக்கம்பக்கத்துல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

சித்தப்பா யோசித்தார். "பாதுகாப்புத் துறைன்னு சொல்லு."