காலனி வீட்டுக்கு விலை

வீடுகளுக்கு விலை போடும் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. சிவில் படித்தவள், கையில் லேசர் டேப், பேங்கில் கடன் கேட்பவர்களின் வீட்டை அளந்து அறிக்கை எழுதுகிறவள். பரவை மார்க்கெட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்பா இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்.

நான் தனியாகப் போன முதல் வீடு மேலூர்ப் பக்கம் ஒரு காலனியில் இருந்தது. வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர், அப்பா வயசு. என்னைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க மேடம்" என்றார். எனக்குக் கூசியது. பல் டாக்டருக்குப் படித்த மகளுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிளினிக் வைத்துக் கொடுக்கத்தான் வீட்டின் மேல் கடன் கேட்டிருந்தார்.

"அம்புட்டும் கிரானைட்டு மேடம். கூடவே நின்னு பாத்துப் பாத்துப் போட்டது" என்று தரையைக் காட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லாத வீடு.

வாசலுக்கு வந்து, என்னை வேலைக்கு வைத்திருந்த இன்ஜினியருக்குப் போன் செய்தேன். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் விசாரித்த சென்ட் விலையைச் சொன்னேன்.

"அது ஊருக்குள்ள ரேட்டும்மா. காலனின்னா பாதி போடு."

"ஒரே மண்ணுதான சார்? நடுவுல ஒரு ரோடுதான் இருக்கு."

"நாளைக்கு ஏலத்துக்கு வந்தா ஊர்க்காரன் எவன் வாங்குவான்? பேங்க்ல நம்மளத்தான கேப்பாங்க?"

அதற்கு மேல் ஏதாவது பேசினேனா? கிழித்தேன். நானும் பரவைக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள்தான். அது இன்ஜினியருக்குத் தெரியாது. வீடு எங்கே என்று கேட்டபோது, பக்கத்து ஊரான விளாங்குடியைச் சொல்லி ஒப்பேற்றியிருந்தேன். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அது வெளியே வந்துவிடுமோ என்று பயம். "சரி சார்" என்று வைத்துவிட்டேன்.

திரும்பினால் வீட்டுக்காரர் நிலைப்படியில் நிற்கிறார். நான் பேசியது முழுக்கக் கேட்டிருக்கிறது.

"விடுங்க மேடம். உங்களுக்கு எதுக்குச் சங்கடம்" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனாலும் ஆபீஸுக்குப் போய்ப் பாதி என்றுதான் எழுதினேன். அந்த விலைக்குக் கிடைக்கும் கடனில் கிளினிக் வைக்க முடியாது என்று தெரிந்தேதான் எழுதினேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மொத வீடு எப்படிம்மா?"

"நல்ல வீடுப்பா."

அவர் எங்கள் வீட்டுச் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம வீட்டுக்கு எம்புட்டும்மா போடுவ?"

வாயில் சோறு இருந்தது. அதைச் சாக்காக வைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.