கரியப்பன் எருது கற்ற டிரில்

ஜேம்ஸ் டிரில் மாஸ்டருக்கு எங்கள் ஊர் மூன்றாவது ஊர். முதல் இரண்டு ஊர்களும் அவருக்கு மாலை போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தன. அதனால் சூளகிரிப் பக்கம் எங்கள் ஊரில் வந்து இறங்கிய அவர் மனைவி கிருபாராணி, தகரப்பெட்டியிலிருந்த எதையும் எடுத்து அடுக்கவில்லை. வேண்டிய புடவையை மட்டும் உருவிக்கொண்டு மறுபடி பூட்டிவிடுவார்.

"இவங்களும் டிரில் வேணாம்னு சொல்லட்டும். பெட்டியோட எங்கப்பா வூட்டுக்குப் போயிடறேன். நீங்க விசிலைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லியிருந்தார்.

அது 1955. நான் ஏழாம் வகுப்பு, இரண்டாவது வரிசை. மாஸ்டர் ஒட்டடைக் குச்சிபோல் இருப்பார். பலமாகக் காற்றடித்தால் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார். பாடம் எப்போதும் ஒன்றுதான்: உடம்பை அசைத்தால் நெஞ்சு விரியும், ரத்தம் ஓடும், நன்றாகப் பசிக்கும்.

அந்தக் கடைசி வார்த்தைதான் வினையாயிற்று. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் களி உருண்டை ஒன்று தின்ற இடத்தில் இரண்டு கேட்டோம். கேழ்வரகு விளைச்சல் சுமாரான வருஷம் வேறு. தாய்மார்கள் பள்ளிக் கமிட்டித் தலைவர் கரியப்பனிடம் போனார்கள். அவர் நிலபுலம் உள்ளவர். அவர் எழுந்து நிற்பதை ஊரார் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

"வாத்தியாரே, குனிஞ்சு நிமிர்ற பொழப்பு வேணாம்னுதான் பள்ளிக்கூடம் அனுப்பறோம். இங்கயும் குனிய வச்சா எப்படி? வயல்ல குனிஞ்சா நாத்தாவது நடுவாங்க."

"ஒடம்புக்கு நல்லதுங்க."

"எங்க ஒடம்புக்கு என்னா கேடு இப்ப?" என்று கேட்டு, கரியப்பன் மூச்சு வாங்கினார்.

அதே கரியப்பன் தன் செவலை எருதுக்கு மட்டும் தினமும் ஏரியில் நீச்சல், கரையில் ஓட்டம், வேகவைத்த கொள்ளு என்று வைத்திருந்தார். பொங்கல் கழிந்து வரும் எருது விடும் விழாவுக்காக அந்தப் பயிற்சி. எருதை ஓட்டும் முனிவேலுக்கு அந்த நேரம் பார்த்துக் காலில் முள் ஏறிவிட்டது. கரியப்பனுக்கு யோசனை பிறந்தது.

"புள்ளைங்க சும்மாதானே ஓடுதுங்க? என் எருதோட ஓடட்டும். அது ஜெயிச்சா டிரில் இருக்கட்டும். இல்லன்னா வேணாம்னு மேல எழுதிப் போட்டுடறேன்."

மாஸ்டர் பெட்டியை நினைத்தார். சம்மதித்தார்.

மறுநாளிலிருந்து முதல் வரிசையில் எருது. பின்னால் நாங்கள். ஏரிக்கரையைச் சுற்றி ஓட்டம். நீளமாக ஒரு விசில் ஊதினால் ஓட்டம் முடிந்தது, கொள்ளு வந்தது என்று பொருள். மாஸ்டர் அதில் எங்களுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடுவார். எருது ஆட்சேபிக்கவில்லை. பொங்கலுக்குள் அது 'வலமாகத் திரும்பு' கற்றுக்கொண்டது. இடம் மட்டும் கடைசிவரை வரவில்லை. எங்களில் சிலருக்கும் வரவில்லை.

விழா நாள் வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஜனம். எருதின் கொம்பில் கட்டிய மூங்கில் பரிசுத் தட்டியை எவனாவது பறித்துவிட்டால் எருது தோற்றது. பறிக்கவிடாமல் ஓடினால் ஜெயித்தது. ஆனால் பொழுது சாய்வதற்குள் எருதைக் கோயில் வாசலில் பிடித்துவந்து நிறுத்தினால்தான் பரிசு.

செவலையை யாரும் தொடவில்லை. தொட நினைத்தவர்கள் அதன் புழுதியைத்தான் பார்த்தார்கள். தெரு முடிந்தது. எருது முடிக்கவில்லை. அப்படியே ஓசூர் ரோட்டில் ஏறி ஓடிற்று.

"நில்லுடா!" என்றார் கரியப்பன். ஒருவர் தெலுங்கில் "ஆகுரா!" என்றார். இன்னொருவர் கன்னடத்தில் "நில்லோ!" என்றார். எருது மூன்று பாஷையிலும் நிற்கவில்லை. துரத்திய ஆண்கள் எல்லாரும் முதல் புளியமரத்தடியில் மல்லாந்துவிட்டார்கள். கரியப்பன் அந்தப் புளியமரம்வரைகூட வரவில்லை.

"வாத்தியாரே, எருது போச்சே!"

"வகுப்பு, வரிசை!" என்றார் மாஸ்டர்.

ஓடினோம். ஆண்களைத் தாண்டும்போது வரிசை கலையவில்லை. எருது ஓசூரையே தாண்டிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் கூட்டிச் சொல்ல மாட்டேன். ஓசூர் மலைக்கோயில் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்தான் அதை எட்டிப் பிடித்தோம். மாஸ்டர் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். எருது நின்றது. வலமாகவே திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. கொள்ளு எங்கே என்று ஒவ்வொருவர் கையையும் மோந்தது. கையில் இருந்த பொங்கல் கரும்பைக் கொடுத்துச் சமாதானம் செய்து திருப்பினோம்.

பொழுது சாயுமுன் செவலை கோயில் வாசலில் நின்றது. புளியமரத்தடிக்காரர்கள் அப்போதுதான் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். கரியப்பனைக் கட்டை வண்டியில் கொண்டுவந்தார்கள்.

அவர் எருதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எங்களில் ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.

"மேல எழுதலீங்க, வாத்தியாரே" என்றார்.

"சந்தோஷங்க."

"காலையில எத்தனை மணிக்கு?"

"என்னாதுங்க?"

"அதான்… அந்தக் குனிஞ்சு நிமிர்றது."

திங்கட்கிழமை கடைசி வரிசையில் கரியப்பன் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். கொள்ளில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அந்த வாரமே அவர் சம்சாரம் பூவம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வாத்தியாரே, இந்த மனுஷன் மூணு உருண்டை கேக்கறாரு. என்னா பண்ணி வச்சீங்க?"

பதில் சொல்ல மாஸ்டர் அங்கே இல்லை. வீட்டில் கிருபாராணி பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். காலிப்பெட்டியைப் பரணில் ஏற்ற மாஸ்டரால் முடியவில்லை. எங்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு அனுப்பினார்.