மேன் டு மேன் கேட்ட பெரியப்பா

பெரியப்பா ஒரு நாளும் பாஸ்கெட்பால் ஆடியவரில்லை. பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றும் பவுண்டரி வைத்திருந்தார். ஆனால் அந்த ஆட்டத்தில் அவருக்குத் தெரியாதது ஏதாவது உண்டென்று யாராவது சொல்லிவிட்டால், சொன்னவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவருடைய ஒரே மகள், எனக்கு அக்கா, கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லூரி மைதானத்தின் கேலரிக்குத் தகரக்கூரை போட்டுக் கொடுத்தவரே பெரியப்பாதான். நிழல் கொடுத்தவருக்கு நாலு வார்த்தை பேச உரிமை இல்லையா என்ன?

நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. மேட்ச் என்றால் பெரியப்பா என்னையும் காரில் ஏற்றிக்கொள்வார். மைதான வாசலில் விற்கும் மசால் பொரிக்காகவே நான் போவேன்.

அந்த வருடம் கேலரியில் ஒரே சண்டை, தடுப்பாட்டத்தைப் பற்றி. அணிக்குக் கோச் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் மேடம். அதிர்ந்து பேசாதவர். எந்த மேட்ச் வந்தாலும் அவர் ஜோன்தான் ஆடவைப்பார். அதாவது, ஆளைத் துரத்தக் கூடாது. ஆளுக்கு ஓர் இடத்தைக் காவல் காக்க வேண்டும். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். பின்வரிசையில் நட்டநடுவே, கூடைக்கு அடியில், அக்கா. எதிரணிக்காரிகள் மூலையில் போய் நின்று, சாவகாசமாகக் குறிபார்த்து, மூன்று பாயிண்ட் போடுவார்கள். அக்கா நின்ற இடத்திலேயே கையைத் தூக்குவாள். அவ்வளவுதான்.

"இதென்னுங்க கூத்து! மூலை ரெண்டையும் தொறந்து போட்டுட்டு நடுவுல எதைக் காவல் காக்கறாங்க?" என்பார் பெரியப்பா.

பக்கத்தில் ஜவுளிக்கடை பாய் உட்கார்ந்திருப்பார். மேட்ச் நாளில் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறவர். அவர் ஜோன் கட்சி. "அண்ணா, நம்ம புள்ளைங்க உசரம் கம்மி. ஆளுக்கு ஆள் புடிக்கப் போனா அரை மணியில நாக்குத் தள்ளிரும்" என்பார். உடனே பெரியப்பாவுக்கு ஏறிவிடும். "எம் பொண்ணு ஓடுனா காத்து பாய்! அவளைக் கோழியாட்டம் கூடைக்கு அடியில கவுத்து வெச்சிருக்கறாங்க."

மேட்ச் முடிந்தால் பேக்கரி. மேசையில் டீ கிளாஸ்களை முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று அடுக்கி, பெரியப்பா மேன் டு மேன், அதாவது ஆளுக்கு ஆள் துரத்திப் பிடிக்கும் பாடம் நடத்துவார். ஒருமுறை வாதம் சூடேறிய நேரத்தில் பாய், அக்காவாக நின்ற கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வரவர பேச்சு ஆட்டத்தை விட்டு மேடத்தின் மேல் போயிற்று. பயிற்சி கொடுக்கத் தெரியவில்லை என்றார்கள். பிறகு, தெரிந்தேதான் செய்கிறார் என்றார்கள். வசதியான வீட்டுப் பெண் என்பதால் அக்கா மேல் பொறாமை என்றும் ஒருவர் கண்டுபிடித்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அக்கா வீட்டில் வாயே திறக்கமாட்டாள். ஒரே ஒருநாள், சாப்பிடும்போது, "ஜோனே நல்லாத்தானுங்கப்பா இருக்குது" என்றாள். பெரியப்பா செல்லமாகச் சொன்னார்: "நீ உள்ள நின்னு ஆடறவ அம்மணி. உனக்கென்ன தெரியும்? வெளிய இருந்து பாக்கறவனுக்குத்தான் எல்லாம் தெரியும்."

அந்த வருடம் அக்காவுக்கு வாழ்வா சாவா என்ற வருடம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு ரயில்வேக்காரர்கள் ஆள் எடுக்க வருவதாக இருந்தது. எடுத்துவிட்டால் வேலை. இல்லையென்றால் தாராபுரத்து மாப்பிள்ளை. ஜாதகம் அதற்குள் பொருந்திவிட்டிருந்தது. "வேலை கெடைச்சா உன்னைய ஊரூரா ரயில்ல கூட்டிட்டுப் போறேன் கண்ணு" என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் ராத்திரியில் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை மாடிக்கு எடுத்துப் போவதையும், காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கொடுக்காமல் தனியாக ஜூஸ் போட்டுக் குடிக்கிறாள் என்று உள்ளுக்குள் கோபம்.

எங்கள் வீட்டுக் காதுகுத்து விருந்துக்குக் கல்லூரித் தாளாளர் வந்தார். பெரியப்பா தன் கையாலேயே அவருக்குப் பரிமாறினார். பாயசத்தோடு சேர்த்து இரண்டு வார்த்தையும் பரிமாறியிருக்கிறார். அடுத்த வாரம் மேடம் இல்லை. கழுத்தில் விசிலோடு ஓர் இளைஞர் கோச்சாக வந்தார். வந்த அன்றைக்கே மேன் டு மேன்தான். மேடம் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பில்லாதவராக இருந்தால் எதிர்த்துக் கேட்டிருக்கமாட்டாரா என்று கேலரியில் அதற்கும் ஒரு ஞாயம் பேசினார்கள்.

ரயில்வேக்காரர்கள் வந்த மேட்சில் அக்கா ஓடினாள். மூலைக்கு மூலை ஆளைத் துரத்தினாள், பந்தைப் பறித்தாள். எனக்கே அது புது அக்காவாக இருந்தது. பெரியப்பா உட்காரவே இல்லை. "பாத்தீங்களா பாய், பாத்தீங்களா!" பாயும் கட்சி மாறி, இடைவேளையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாம் பாதியில், மூலையில், எதிரணிப் பெண் சட்டென்று திரும்பினாள். அவளோடு திரும்பிய அக்கா அப்படியே மடங்கி விழுந்தாள். கேலரிச் சத்தத்தையும் மீறி அவள் அலறல் கேட்டது. பெரியப்பா தொண்டை கிழிய "ஃபவுல்! ஃபவுல்!" என்று கத்தினார். யாரும் அவளைத் தொடக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், முழங்காலுக்குள் ஜவ்வு அறுந்துவிட்டது. அதில் பாதி இன்றைக்கு அறுந்ததில்லை, பல மாதமாகவே இருக்கும். பெரியப்பா அக்காவைப் பார்த்தார். "இது முன்னமே யாருக்கும்மா தெரியும்?" அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "மேடத்துக்கு மட்டுந்தானுங்கப்பா" என்றாள்.

மீதியை அக்கா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து, தாராபுரத்தில், அவள் புருஷன் வீட்டு அடுப்படியில். வலி வந்தபோதே மேடத்தின் கையைப் பிடித்து அழுதிருக்கிறாள், வீட்டுக்குத் தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்திக் கல்யாணம் பண்ணிவிடுவார்கள் என்று. மேடம் தன் செலவில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அவள் ஓடாமல், சுழலாமல் நின்று ஆடுவதற்காகவே ஜோன். மூலையைத் திறந்துபோட்டதும் அதற்காகவே. காயத்தோடு ஆடவிட்டது சரியா என்று என்னைக் கேட்டால், சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதைக் கேட்கும் யோக்கியதை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கிடையாது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "தெரிஞ்சே எம் பொண்ண ஆட வுட்டிருக்கறா பாரு, பாதகத்தி!" சாயந்திரத்துக்குள் பேக்கரி முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. பாயும் தலையாட்டியிருப்பார்.

மறுநாள் மேடம் சாத்துக்குடிப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெரியப்பா கதவை மறைத்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, நீங்க எதுக்குங்க சிரமப்பட்டுட்டு? பாப்பா தூங்குதுங்க. போய்ட்டு வாங்க."

அக்கா தூங்கவில்லை. கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மேடம் பையை வெளியே நாற்காலியில் வைத்துவிட்டுப் போவது தெரிந்தது. அவ்வளவு கோபத்திலும் எங்கள் பெரியப்பா எத்தனை மரியாதையாகப் பேசுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறாள்.

"காலு வலிக்குதாக்கா?"

"ஆமா கண்ணு. காலுதான்."

நான் வராந்தாவில் ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கையோடு இழுத்து வந்தேன். அவர் வலிக்கு ஓர் ஊசி போட்டார். அக்கா கையை நீட்டிப் போட்டுக்கொண்டாள். இனி வலிக்காது என்று நான் நினைத்தேன்.