விலைபோகாத அரிசி

ஊரடங்கில் கம்பத்திலிருந்து கேரளா ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் நின்றதும் அம்மாவுக்கு வேலை போயிற்று. இளைப்பு நோயாளியான அப்பாவின் இன்ஹேலரும் தீர்ந்தது. நிவாரணக்காரர்கள் எங்கள் தெருவில் மறுபடியும் அரிசி மூட்டைகளை இறக்கினார்கள்.

"அண்ணே, இதுக்குப் பதிலா காசாக் குடுத்தா அப்பாவுக்கு மருந்து வாங்கிருவேன்" என்று கெஞ்சினேன்.

"படிச்ச பையன் பேசுற பேச்சா தம்பி? காசு குடுத்தா உங்க தெரு ஆளுக குடிச்சே தீத்துருவாக" என்றார் வண்டியில் வந்தவர்.

அம்மா மூட்டையை விற்கத் தூக்கிப் போனாள். பக்கத்து வீட்டு அத்தை சிரித்துவிட்டாள். "ஏ ஆத்தா, எல்லார் வீட்டுலயும் அரிசிதான் கெடக்கு. இத யாரு வாங்குவா?"

மூச்சு முட்டி அப்பாவால் படுக்க முடியவில்லை. திரும்பி வந்த மூட்டையைச் சுவரோரம் நிறுத்தி, அதில் அவரைச் சாய்த்து உட்காரவைத்தோம்.

"ஏலே, நம்ம வீட்டுல படிச்சவன் நீ ஒருத்தன்தானே, எங்கனயாச்சும் போயிக் கேளுடா" என்றாள் அம்மா.

எங்கே போய்க் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.